முழங்கால் தண்ணீரில் ஒரு வேட்டை: போன்ஃபிஷ் தூண்டில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன்ஃபிஷ் என்பது என்ன மீன்? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரண மீன்தான். வெள்ளி உடம்பு, முதுகில் லேசான பச்சை, கூரான மூக்கு, அதற்கு அடியில் சின்ன வாய். பெரும்பாலும் 2 முதல் 6 பவுண்டு, அதாவது ஒன்று முதல் இரண்டே முக்கால் கிலோவுக்குள் இருக்கும். ஃப்ளோரிடாவில் 8, 10 பவுண்டு மீன்கள் உண்டு. 1971-இல் பஹாமாஸின் பிமினித் தீவில் சிக்கிய 16 பவுண்டு 3 அவுன்ஸ் மீனைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். உடம்பு முழுக்கப் பொடிமுள். போன் என்றால் ஆங்கிலத்தில் எலும்பு, பெயரே அப்படி வந்ததுதான். விலங்கியல் பெயர் ஆல்புலா வல்பஸ். வல்பஸ் என்றால் லத்தீனில் நரி.

எடைக்காக மீன் பிடிப்பவருக்கு இது ஏமாற்றமே. இதன் ருசி வேறு. மற்ற தூண்டிலில் எங்கோ ஆழத்தில் இருப்பதை நம்பி முள்ளை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறோம். இங்கே முதலில் மீனைக் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு அந்த ஒரு மீனுக்காகவே வீச வேண்டும். பார்க்காத மீனுக்கு வீசிப் பிடித்தேன் என்று சொன்னால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். முள் ஏறியதும் அது ஓடும் முதல் ஓட்டம் இருக்கிறதே, நூறு கெஜம் நூல் போன பிறகுதான் நமக்கு மூச்சு வரும். அதன் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ரீல் போடும் சத்தம் எனக்குப் போதும்.

ஒரே இனம்தானா?

இல்லை. வெகுகாலம் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்கள். மரபணு ஆய்வு வந்த பிறகு பல இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். கரீபியன், ஃப்ளோரிடா பக்கம் வல்பஸ். பசிபிக் தீவுகளில் பெரும்பாலும் குளோசொடோன்டா. தூண்டில்காரருக்கு வித்தியாசம் தெரியாது, எல்லாமே ஒரே மாதிரி ஓடும். உறவுமுறை பார்த்தால் டார்பன் என்ற பெரிய கடல்மீனுக்கும் விலாங்குக்கும் தூரத்துச் சொந்தம். நம்ப முடியாவிட்டால் அதன் குஞ்சைப் பாருங்கள்: விலாங்குக் குஞ்சைப் போலவே கண்ணாடி நாடா மாதிரி தட்டையாக, மீன் என்றே சொல்ல முடியாதபடி இரண்டு மாதம் போலக் கடலில் மிதந்துவிட்டு, கரைக்கு வந்து சுருங்கித்தான் மீன் உருவம் எடுக்கும்.

ஆழமில்லாத தண்ணீருக்கு அது ஏன் வருகிறது?

சாப்பிட. ஓதம் (கடல்நீர் மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும்போது மணல்திட்டுகளும் கடற்புல் படுகைகளும் கணுக்கால், முழங்கால் அளவுக்கு மூழ்கும். வளைகளில் இருக்கும் இறால், நண்டு, புழு, சிறு மட்டி எல்லாம் அங்கேதான். போன்ஃபிஷ் தலையைக் குத்தி, மணலை ஊதிக் கிளறித் தின்னும். தொண்டைக்குள் அம்மிக்கல் போலப் பல்தகடுகள் உண்டு; நண்டு ஓட்டை அங்கே வைத்து நொறுக்கும்.

ஆனால் அந்தத் தண்ணீர் அதற்கு ஆபத்தான இடமும்கூட. ஒளிய ஆழம் கிடையாது. எலுமிச்சைச் சுறாவும் சீலாவும் அதே ஓதத்தில் பின்னாலேயே வரும். அதனால் சாப்பிடும் ஒவ்வொரு நிமிடமும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கும். படகுப் பலகையில் பெட்டி ஒன்று சரிந்தாலே ஒரு கூட்டம் காணாமல் போவதன் காரணம் அதுதான். நம்மைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நம்மைச் சுறா என்று நினைத்துக்கொள்கிறது.

எங்கெல்லாம் கிடைக்கும்?

பெயர் பெற்ற இடங்கள்: பஹாமாஸில் ஆண்ட்ரோஸ், அபாக்கோ, பிமினி, அமெரிக்காவில் ஃப்ளோரிடா கீஸ், பிஸ்கேன் விரிகுடா, பெலீஸில் டர்னெஃப் பவளத்தீவு, மெக்ஸிகோவின் யுகடானில் அசென்ஷன் விரிகுடா, கியூபாவின் தென்கரை, வெனிசுவேலாவில் லாஸ் ரோக்கஸ், பசிபிக்கில் கிரிபாஸ் (கிரிபாட்டி) நாட்டின் கிரிடிமாட்டி தீவு, இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸின் அல்ஃபோன்ஸ், செயின்ட் ஃபிரான்சுவா.

முதல் பயணம் என்றால் மீன் எண்ணிக்கை அதிகமுள்ள இடத்துக்குப் போங்கள். பெலீஸிலும் மெக்ஸிகோவிலும் மீன் சிறியது, கூட்டம் பெரியது; தப்பு செய்து செய்து கற்றுக்கொள்ளலாம். கிரிடிமாட்டியில் தரை கெட்டி மணல், நாள் முழுக்க நடந்தே பிடிக்கலாம். ஃப்ளோரிடா கீஸ் மீன் பெரியது, ஆனால் எல்லாத் தந்திரமும் பார்த்து முடித்தது. கற்றுக்குட்டியாக அங்கே போய் மனம் உடைந்து வந்தவர்கள் நிறைய.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

நாளைவிட ஓதம்தான் முக்கியம். வற்றி முடிந்து தண்ணீர் திரும்பி ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரம் பலருக்கும் பிடித்தது; மீன் திட்டின் ஓரத்தில் காத்திருந்து தண்ணீரோடு உள்ளே வரும். இறங்கும் ஓதத்தில் அதே வழியாக வெளியேறும், வாய்க்கால் முனையில் நின்றால் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். முழு ஏற்றத்தில் கண்டல் (அலையாத்தி) வேருக்குள் புகுந்துவிடும். அப்போது மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சூரியன் பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்தில் இருந்தால் கண் வேலை செய்யும். மேகம் மூடினால் மீன் காலடியில் இருந்தாலும் தெரியாது. தண்ணீர் 22 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் திட்டுக்கு வரும். வாடைக்காற்று ஒன்று அடித்துத் தண்ணீர் குளிர்ந்தால் ஆழத்துக்கு ஓடிவிடும். ஓட முடியாமல் போனதும் உண்டு: 2010 ஜனவரியில் தென் ஃப்ளோரிடாவில் வந்த கடும் குளிரில் போன்ஃபிஷ் உட்படக் கடல் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

என்ன சாதனம் வேண்டும்?

பொதுவான வழக்கம் ஃப்ளை ராட், அதாவது ஃப்ளை என்ற இலேசான பொய் இரையை, லைன் எனும் தடித்த நூலின் கனத்தால் வீசும் கோல். 9 அடி நீளம், 8-ஆம் எண் எடை (எண் கூடினால் லைனின் கனமும் கூடும்). காற்று குறைந்த இடத்துக்கு 7, பலத்த காற்றுக்கு 9. ராடில் மிச்சம் பிடித்தாலும் ரீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். உப்புநீர் தாங்கும், வழுக்காமல் சீராக இழுத்துக் கொடுக்கும் டிராக், அதாவது பிரேக், வேண்டும். உள்ளே, லைனுக்குப் பின்னால், குறைந்தது 150 முதல் 200 கெஜம் பேக்கிங் என்ற மெல்லிய உபரி நூல். வெப்பக் கடலுக்கென்று செய்த மிதக்கும் லைன் வாங்குங்கள். குளிர்நாட்டு ஆற்று லைன் வெயிலில் வெந்த நூடுல்ஸ் ஆகிவிடும். அதன் நுனியில் 9 முதல் 12 அடி லீடர் என்ற கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல், முடிவில் 10 அல்லது 12 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூல்.

இவற்றைவிட முக்கியமானது தண்ணீரின் கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி. தாமிர நிறம் அல்லது தேன் நிறம். ராட் உடைந்தால் இரவல் வாங்கலாம், கண்ணாடி உடைந்தால் அந்த நாள் போயிற்று. இரண்டு எடுத்துப் போங்கள்.

எந்த ஃப்ளை?

தெரியாதவர்களுக்கு: ஃப்ளை என்பது முள்ளின்மேல் இறகு, மயிர், மினுக்கு நூல் கட்டிச் செய்யும் பொய் இரை. இங்கே அது ஈ அல்ல, இறால் அல்லது நண்டு வேஷம். கிரேஸி சார்லி, காட்சா என்ற இரண்டு மாதிரி ஃப்ளைகளும் இருந்தால் உலகத்தின் பாதித் திட்டுகளில் சமாளிக்கலாம். கிரேஸி சார்லியை 1970-களில் உருவாக்கியவர் பாப் நாஹைம். பெயர், ஆண்ட்ரோஸ் தீவின் வழிகாட்டி சார்லி ஸ்மித்தினுடையது. முள்முனை மேல்நோக்கி இருக்கும்படி தலைகீழாகக் கட்டுவார்கள், அதனால் புல்லிலும் மணலிலும் சிக்காது.

நிறத்தைப் பற்றி ஆளாளுக்குச் சண்டை போடுவார்கள். தரை என்ன நிறமோ அதற்குப் பக்கத்து நிறம் என்று எடுத்துக்கொண்டால் போதும். எடைதான் விஷயம். கணுக்கால் தண்ணீரில் ஈயக் கண் வைத்த ஃப்ளை கல் மாதிரி விழுந்து மீனை விரட்டிவிடும்; இடுப்பளவுத் தண்ணீரில் எடையில்லாத ஃப்ளை மீனின் தலைக்கு மேலேயே மிதந்து போய்விடும். ஒரே மாதிரியை மூன்று எடைகளில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் எனக்கு மீன் தெரியவே இல்லையே?

எல்லோருக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான். அதன் செதில் கண்ணாடி. வெள்ளை மணலுக்கு மேல் வெள்ளையாக, புல்லுக்கு மேல் பச்சையாகத் தெரியும். சாம்பல் பேய் என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. எனவே மீனைத் தேடாதீர்கள், மீன் விட்டுவைக்கும் அடையாளங்களைத் தேடுங்கள்.

முதலில் நிழல். மீன் மறையும், அதன் நிழல் மணலில் மறையாது. நல்ல வெயிலில் நான் பார்ப்பதில் முக்கால்வாசி நிழல்தான். அடுத்து, அசைவு. கல்லும் புல்லும் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு கரும்புள்ளியைக் குறித்து வைத்து, மூச்சு இரண்டு விட்டு, மறுபடி பாருங்கள். இடம் மாறியிருந்தால் மீன்.

தண்ணீர் மேற்பரப்பும் சொல்லும். காற்று ஒரு பக்கமிருந்து அடிக்க, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் சிற்றலை வேறு திசையில் நடுங்கினால் அதன் கீழே கூட்டம் போகிறது. தெளிந்த தண்ணீரில் பால் கலந்தாற்போல் ஒரு கலங்கல் புகைந்தால் அங்கே கிளறித் தின்கிறது. எல்லாவற்றிலும் மேலானது வால். தலை மண்ணில் இருக்க, வால் நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே வெள்ளித் தகடு போல ஆடும். காலை வெயிலில் ஆறேழு வால்கள் ஒன்றாக ஆடுவதைப் பார்த்தவுடன் கை நடுங்கி, லைனை மிதித்துக்கொண்டு வீசியவன் நான். ஃப்ளை என் தொப்பியில் மாட்டியது.

தண்ணீரின் மேல் அல்ல, தண்ணீருக்குள், அடித்தரையைப் பார்ப்பது பழக வேண்டும். வழிகாட்டி "11 மணி, 50 அடி, வலது பக்கம் நகர்கிறது" என்று சொல்வார். படகின் அணியம் (முன்முனை) 12 மணி என்று கணக்கு. உடனே வீசிவிடாதீர்கள், ராடை அந்தத் திசையில் நீட்டுங்கள், அவர் "இன்னும் இடது, நிறுத்து" என்று திருத்துவார்.

எவ்வளவு தூரம் வீசத் தெரிய வேண்டும்?

எழுபது எண்பது அடி வீசுவது பெருமைக்கு உதவும். மீன் பிடிப்பதெல்லாம் 30 முதல் 60 அடிக்குள்தான். காற்றை எதிர்த்து 40 அடி, இரண்டே விசிறலில், சொன்ன இடத்தில் போட முடிகிறதா என்பதுதான் கேள்வி. தலைக்கு மேல் ஐந்தாறு முறை விசிறிக்கொண்டிருந்தால் லைனின் நிழலே மீனைத் துரத்திவிடும். இடது கையால் லைனை முன்னும் பின்னும் ஒருமுறை வெட்டி இழுக்கும் டபுள் ஹாலைப் போவதற்கு முன் வீட்டருகே மைதானத்தில் பழகிவிடுங்கள். புல்லில் ஒரு தட்டை வைத்து, காற்றடிக்கும் நாளாகப் பார்த்து.

நகரும் மீனுக்கு நான்கைந்து அடி முன்னால், அது போகும் பாதையில் விழ வேண்டும். வாலாட்டித் தின்னும் மீனுக்கு இன்னும் கிட்டத்தில், ஓசையில்லாமல். விழுந்ததும் அடிக்குப் போகவிட்டு, மீன் பக்கத்தில் வந்ததும் ஒரு நீண்ட இழுப்பு. மீன் திரும்பினால் நின்று நின்று குட்டி இழுப்புகள். ஒன்று மட்டும் கூடாது: ஃப்ளை மீனை நோக்கி வருவது. எந்த இறாலும் தன்னைத் தின்ன வருபவரைத் துரத்திக்கொண்டு போகாது.

தொட்டுவிட்டுப் போய்விடுகிறதே, ஏன்?

ராடைத் தூக்கியிருப்பீர்கள். ஆற்று ட்ரவுட் பிடித்துப் பழகியவர்களின் பழைய வியாதி இது. மீன் மூக்கைக் கீழே குத்தி நின்றதும் எடுத்துவிட்டது என்று பொருள். அப்போது ராட் தண்ணீரை நோக்கியே இருக்க, இடது கையால் லைனை நீளமாக இழுங்கள். முள் ஏறினால் கனம் தெரியும். ஏறாவிட்டாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், மீன் மறுபடி எடுக்கலாம். ராடைத் தூக்கினால் ஃப்ளை ஆகாயத்துக்குப் போய்விடும், மீனும் போய்விடும்.

ஏறிய பிறகு முதல் மூன்று நொடிகளுக்கு மீனை மறந்துவிட்டுக் காலடியைப் பாருங்கள். அங்கே சுருண்டு கிடக்கும் லைன் சட்டைப் பொத்தானிலோ செருப்பிலோ சிக்காமல் வெளியேற வேண்டும். அது போய் ரீலுக்கு வந்ததும் ராடை உயர்த்தி, ஓடவிடுங்கள். ஓடும்போது ரீலின் கைப்பிடியைத் தொட்டால் விரல் கணு பெயரும். இரண்டாவது, மூன்றாவது ஓட்டம் வரும், அவை சின்னவை.

ஃப்ளை தெரியாதவர்கள் பிடிக்கவே முடியாதா?

தாராளமாக முடியும். 7 அடி ஸ்பின்னிங் ராட் (சாதாரண ரீல் தூண்டில்), 8 அல்லது 10 பவுண்டு நூல், தட்டைத்தலை ஜிக் (தலையில் எடை வைத்த முள்) போதும். உயிர் இறால் கோத்துப் போட்டால் மீன் மோப்பம் பிடித்தே வரும். காற்றடிக்கும் நாளில் ஸ்பின்னிங்காரர் சிரித்துக்கொண்டே பிடிப்பார்.

வழிகாட்டி அவசியமா?

கெட்டித்தரை உள்ள இடங்களில் தனியாக நடக்கலாம். மற்றபடி முதல் சில நாட்களுக்கு அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். தட்டையடிப் படகின் பின்புறம் உயரமான மேடையில் நின்று, நீண்ட கழியை ஊன்றிச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே 100 அடி தொலைவில் மீன் காட்டுவார்கள். எந்தத் திட்டுக்கு எந்த ஓதத்தில் மீன் வரும் என்பது ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த கணக்கு.

பிமினியின் அன்சில் சாண்டர்ஸ் அப்படிப்பட்டவர். மேலே சொன்ன 1971 மீன் பிடிபட்டது அவர் படகில்தான். படகுகளையும் அவரே கட்டியவர். 1964-இல் மார்ட்டின் லூதர் கிங் பிமினிக்கு வந்தபோது கண்டல் காட்டு ஓடைக்குள் அவரை அழைத்துப் போனதும் இவர்தான். நோபல் ஏற்புரையின் சில பகுதிகளைக் கிங் அந்த அமைதியில் இருந்தபடி எழுதினார்.

நடந்து பிடிப்பதில் ஆபத்து உண்டா?

திருக்கை. மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்து நகர்த்திப் போனால் அதிர்வு கேட்டு விலகிவிடும். வெறுங்காலோடு இறங்காதீர்கள், பவளக் கீறல் எளிதில் சீழ் பிடிக்கும். ஓதம் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; வரும்போது கணுக்கால் அளவிருந்த வாய்க்கால் திரும்பும்போது கழுத்தளவு இருக்கும். வெயிலுக்கு முழுக்கை, முகத்துணி.

பிடித்து வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

ஃப்ளோரிடாவில் 2013 முதல், பெலீஸில் 2009 முதல், பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பதே சட்டம். பஹாமாஸில் வலை போடுவதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வெளிநாட்டினர் திட்டுகளில் தூண்டில் போட உரிமம் எடுக்க வேண்டும். அந்த நாட்டின் 10 சென்ட் காசைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு போன்ஃபிஷ் நீந்தும். தட்டில் கிடக்கும் மீனைவிடத் திட்டில் நீந்தும் மீன்தான் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஹவாயிலோ ஓயியோ என்ற பெயரில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். முள்ளுக்குப் பயந்து சதையைக் கரண்டியால் வழித்தெடுத்துப் பிசைவார்கள்.

விடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

நம் கையைவிட்டு நீந்திப் போய்விட்டது, பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பஹாமாஸின் எலூதெராவில் ஆய்வாளர்கள் விட்ட மீன்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நீண்ட நேரம் போராடி, காற்றில் தூக்கிக் காட்டப்பட்டு, விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்த மீன்களைச் சுறா பிடிப்பது பல மடங்கு அதிகம். அதுவும் விட்ட சில நிமிடங்களுக்குள்.

ஆகவே முள்ளின் கொக்கியை முன்கூட்டியே குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை வேகமாகக் கொண்டுவாருங்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், வெயில் கிரீம் பூசிய கையாகவோ துணிக் கையுறையாகவோ இருந்தால் அதன் வழுவழுப்பு உரிந்துவிடும், அதுதான் மீனுக்குத் தோல். வாயைக் கவ்வும் இடுக்கி வேண்டாம், தாடையும் நாக்கும் கிழிகின்றன. முடிந்தால் தண்ணீரைவிட்டே எடுக்காமல் முள்ளை உருவுங்கள். படம் வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு, சொட்டச் சொட்ட, பத்து நொடிக்குள். மயங்கினால் வயிற்றுக்குக் கீழே தாங்கிப் பிடித்து, அதுவாக உதறிக்கொண்டு போகும்வரை இருங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள்.

சுறா சுற்றுகிறதா? பிடிப்பதை நிறுத்திவிட்டு வேறு திட்டுக்குப் போங்கள். ஒருநாள் மீன் கிடைக்கிறதே என்று நான் அதே இடத்தில் நின்றேன். மூன்றாவது மீனை விட்டு நிமிர்வதற்குள் இருபது அடி தூரத்தில் தண்ணீர் வெடித்தது. அதன் பிறகு அன்று வீசவில்லை.

எங்கே முட்டையிடும்?

திட்டில் அல்ல. கரீபியன் பக்கம் குளிர்மாதங்களில், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி, வழக்கமான திட்டைவிட்டுப் பல பத்து கிலோமீட்டர் நீந்திக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் கூடும். மாலையில் மேலே வந்து காற்றை விழுங்கும். இருட்டியதும் ஆழ்கடலுக்குப் போய் 100 மீட்டருக்கும் கீழே இறங்கி, மேலே ஏறி வரும்போது முட்டையை விடும். முழங்கால் தண்ணீரில் முதுகு தெரிய மேய்ந்த மீன் இது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம். அந்தக் கூடுமிடத்தில் ஒரு வலை போட்டால் பல திட்டுகள் ஒரே இரவில் காலியாகும். 1997-இல் தொடங்கிய போன்ஃபிஷ் அண்ட் டார்பன் டிரஸ்ட் இந்த இடங்களைக் கண்டுபிடித்துக் காப்பதில் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

திரும்பியதும் சாதனங்களை என்ன செய்வது?

அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரீலில் குழாயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், உப்பு இன்னும் உள்ளே போகும். மெல்ல ஊற்றி, டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவிடுங்கள். ராடின் இணைப்புகளைக் கழற்றித் துடையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். நனைந்த ஃப்ளையை நேராகப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நான் ஒரே ஒரு ஈரக் காட்சாவை வைத்து மூடினேன். அடுத்த பயணத்தில் திறந்தபோது அந்த வரிசை முழுக்கத் துரு.